மரீ யஹோடா: சம்பளத்தைத் தவிர வேலை நமக்கு என்ன தருகிறது?

ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் பென்ஷனில் வந்து நிற்கும். அகவிலைப்படி எவ்வளவு ஏறியது, வங்கியில் வட்டி எவ்வளவு குறைந்தது என்று பேசி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் பென்ஷன் ஒழுங்காக வரும் வீடுகளிலும், காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளை இரண்டாம் முறை புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பணக்கஷ்டம் கிடையாது. உடம்பும் பரவாயில்லை. பிறகு குறைவது எது?

இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் மரீ யஹோடா. 1907ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 2001ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தமது 94ஆம் வயதில் காலமானார். நான் ஒரு பஞ்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் காலம் தள்ளியவன். எழுபதுகளில் எங்களுக்குப் பாடம் நடத்தியபோது எல்டன் மேயோ, மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் எல்லோரும் வந்தார்கள்; யஹோடா வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் படித்தேன். தொழிலாளர் மனநிலை பற்றி நான் படித்தவற்றுள் என் மில் அனுபவத்துக்கு மிக நெருக்கமாக வந்தவர் அவர்தான்.

1920களின் கடைசியில் அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதோர்ன் என்ற தொழிற்சாலையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா, இடையில் ஓய்வு கொடுத்தால் கூடுமா என்று பார்த்தார்கள். தொழில் உளவியல் என்றாலே அந்தக் கதையில்தான் ஆரம்பிப்பார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் யஹோடாவும் அவருடைய சகாக்களும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஓடுகிற ஆலைக்குள் போகாமல், மூடிய ஆலைக்கு வெளியே நின்றவர்களைப் போய்ப் பார்த்தார்கள். வேலை என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதானே தெரியும்.

வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற இளைஞர் பொருளாதார உளவியலுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்திவந்தார். சந்தை ஆய்வுகள் செய்து கொடுத்து, அந்த வரும்படியில் பிழைத்துவந்த நிலையம் அது. யஹோடா அவருடைய மனைவி. இருவரும் சோஷலிஸ்டுகள். தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராயலாம் என லாசர்ஸ்ஃபெல்ட் நினைத்தார். கட்சித் தலைவர் ஓட்டோ பாவரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொண்டாராம். நாட்டில் இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும்போது ஓய்வு நேரத்தைப் பற்றி ஆராய்ச்சியா என்று கேட்டு, அவரே ஓர் ஊரையும் காட்டினார். அந்த ஊர் மரியன்தால்.

மரியன்தால் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, ரயிலில் எளிதாகப் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தது. 1830இல் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். பாட்டன், தகப்பன், மகன் என்று மூன்று நான்கு தலைமுறையாக ஒரே ஆலையில் வேலை. 1929இல் முதலில் நூற்புப் பிரிவு நின்றது. பிறகு துணி அச்சு, பிறகு சலவை. 1930 பிப்ரவரியில் கடைசித் தறியும் நின்றுவிட்டது. யஹோடாவின் குழு 1931 இலையுதிர்காலத்தில் அங்கே போனபோது 478 குடும்பங்கள், 1,486 பேர் இருந்தார்கள். 367 குடும்பங்களில் ஒருவருக்குக்கூட முறையான வேலை இல்லை.

அவர்கள் அங்கே போன விதத்தை முதலில் சொல்ல வேண்டும். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகவில்லை. ஊருக்கு ஏதாவது உபயோகம் செய்யாமல் அங்கே யாரும் இருக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டார்கள். வியன்னாவில் பழைய துணி சேகரித்து, துவைத்து, கிழிசல் தைத்து, சுமார் 200 உருப்படிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என்ன துணி வேண்டும் என்று கேட்கும் சாக்கில் நூறு வீடுகளுக்குள் போய் உட்கார முடிந்தது. இலவச மருத்துவம் பார்த்தார்கள். பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பும், சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். இதற்கிடையில் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

வேலையிழந்த மக்கள் கொதித்தெழுவார்கள், அரசியலில் தீவிரமாக இறங்குவார்கள் என்றுதான் சோஷலிஸ்டுகள் எதிர்பார்த்தார்கள். நேரம் தாராளமாகக் கிடைத்ததால் நிறையப் படிப்பார்கள் என்றும் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. ஊரில் தொழிலாளர் நூலகம் ஒன்று இருந்தது. புத்தகம் எடுக்கக் கட்டணத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். அப்படியும் 1929இலிருந்து 1931க்குள் எடுத்துப்போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. வேலையில்லாதவர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தும் கட்சி நாளிதழின் சந்தா 60 சதவீதம் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கள்ளத்தனமாக வேலை பார்க்கிறார் என்று மொட்டைக் கடிதம் எழுதுவது மட்டும் கூடியது.

மொட்டைக் கடிதத்துக்கும் காரணம் இருந்தது. உதவித்தொகை வாங்குகிறவர் எந்தச் சிறு வேலை செய்தாலும் தொகை நின்றுவிடும். கொஞ்சம் விறகுக்காக மரம் வெட்டப் போனவருக்கு நின்றது. தெருவில் ஹார்மோனிகா வாசித்தவருக்கும் நின்றது. பால் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் வாங்கிக்கொண்ட ஒரு தாய்க்கும் நின்றது. கையைக் காலை அசைத்தால் சோறு போய்விடும் என்பது சட்டம்.

யஹோடாவின் பெயரைச் சொன்னால் உளவியல் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது அடுத்த விஷயம். ஊரின் பிரதான வீதி சுமார் 300 மீட்டர். ஆய்வாளர்கள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் கைக்கடிகாரத்துடன் நின்று, மதிய நேரத்தில் வீதியில் போகிறவர்களின் நடையைக் கணக்கெடுத்தார்கள். 68 ஆண்களில் 39 பேர் அந்தச் சின்ன வீதியைக் கடப்பதற்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றுவிட்டார்கள். 32 பெண்களில் அப்படி நின்றவர்கள் 3 பேர்தான். ஆண்களின் நடை வேகமும் குறைந்திருந்தது. பெண்களுக்கு வீட்டில் சமையல், துணி, பிள்ளைகள் என்று வேலை காத்திருந்தது. ஆண்களுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை.

காலை முதல் இரவு வரை என்னென்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோதும் இதுவே தெரிந்தது. எழுந்தது, பிள்ளைகளை எழுப்பியது, விறகும் தண்ணீரும் கொண்டுவந்தது, சாப்பிட்டது, படுத்தது. இவ்வளவுதான் ஆண்களுக்கு நினைவிருந்தது. நடுவில் இருந்த மணிகளுக்குப் பெயரே இல்லை. சும்மாயிருக்கும் மனுஷன் சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வருவதில்லை என்று மனைவிமார் குறைப்பட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும் வரைதான் பன்னிரண்டு மணிக்கு அர்த்தம். அந்தப் பெண்களில் பலர் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். முன்பு இரவு வெகுநேரம் வரை வீட்டு வேலையும் செய்து மாய்ந்தவர்கள். அப்படியும் ஆலை திறந்தால் நாளைக்கே போவோம் என்று சொன்னார்கள். காசு ஒரு காரணம். நாலு பேரைப் பார்த்துப் பேசலாம் என்பது இன்னொரு காரணம்.

பிள்ளைகளிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். சுற்று வட்டாரப் பிள்ளைகள் எழுதிய ஆசைகளின் சராசரி விலை 36 ஷில்லிங். மரியன்தால் பிள்ளைகளின் ஆசை 12 ஷில்லிங். அதிலும், ‘அப்பாவுக்கு வேலை இருந்திருந்தால்’ என்கிற மாதிரியான தயக்கத்தோடு எழுதியிருந்தார்கள். ஆசைப்படுவதிலேயே சிக்கனம் வந்துவிட்டது. இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

நூறு குடும்பங்களை நெருங்கிப் பார்த்து நான்காகப் பிரித்தார்கள். மனம் உடையாதவை 16. விதியே என்று ஒடுங்கிவிட்டவை 48. நம்பிக்கையிழந்து துயரத்தில் இருந்தவை 11. எல்லாவற்றையும் கைவிட்டவை 25. இந்தப் பிரிவுகளை வருமானத்தோடு ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஓர் ஆளுக்கு மாதம் 34 ஷில்லிங் கிடைத்த வீடுகள் உடையாமல் நின்றன. 30 கிடைத்தவை ஒடுங்கின. 25இல் துயரம். 19இல் எல்லாம் விட்டுப்போயிற்று. தைரியசாலி, கோழை என்று நாம் பிரிக்கிற மனிதர்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் மாதம் பதினைந்து ஷில்லிங். அந்த நிலையிலும் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் ஓரத்தில் பூச்செடி வைத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் மறக்காமல் குறித்திருக்கிறார்கள்.

புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதியவர் யஹோடா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. 1933இல் ஜெர்மனியில் அச்சானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம். ஆசிரியர்களின் பெயர்கள் யூதப் பெயர்களாக இருந்ததால் அட்டையில் பெயர் இல்லாமலே வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே பெரும்பாலான பிரதிகள் அழிக்கப்பட்டன. லாசர்ஸ்ஃபெல்ட் அமெரிக்கா போய்விட்டார். அவர்கள் மணவாழ்க்கையும் முடிந்தது. நிலையத்தை யஹோடா நடத்தினார். ஆஸ்திரியாவிலும் சோஷலிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்ட காலம் அது. தலைமறைவு இயக்கத்துக்கு உதவினார் என்று 1936இல் அவரைக் கைது செய்தார்கள். வெளிநாட்டு அறிஞர்கள் குரல் கொடுத்ததால் 1937இல் விடுவித்தார்கள், நாட்டைவிட்டு உடனே போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அகதியாக இங்கிலாந்து போனவருக்கு அங்கேயும் வேலையில்லாதவர்களே காத்திருந்தார்கள். வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக் கிடந்தன. அங்கே நல்ல மனம் கொண்ட சிலர் ஒரு திட்டம் நடத்தினார்கள். வேலையிழந்தவர்கள் சம்பளம் இல்லாமல் காய்கறி, ரொட்டி, துணி முதலியவற்றை உற்பத்தி செய்வார்கள். செய்த பொருளைத் தாங்களே மலிவாக வாங்கிக்கொள்வார்கள். யஹோடா மாதக்கணக்கில் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் தங்கி அதை ஆராய்ந்தார். வயதானவர்கள் ஓரளவு வந்தார்கள். இளைஞர்களை அது இழுக்கவில்லை, சம்பளம் இல்லாத வேலையை அவர்கள் வேலையாகவே நினைக்கவில்லை என்று நேர்மையாக எழுதினார். அறிக்கையைப் படித்த அமைப்பாளர், இது வெளிவந்தால் என் வாழ்நாள் உழைப்பே வீணாகும் என்று மனம் நொந்தார். யஹோடா அதை வெளியிடவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1987இல்தான் அது அச்சில் வந்தது. கண்ட உண்மையை அவர் மாற்றி எழுதவும் இல்லை. ஒரு மனிதரை நோகடித்து முன்னேறவும் இல்லை. ஆராய்ச்சியாளர்களில் எத்தனை பேர் இப்படிக் காத்திருப்பார்கள்?

பிறகு ஒரு காகித ஆலையில் தாமே தொழிலாளியாகச் சேர்ந்து, பள்ளியை விட்டு நேராக ஆலைக்கு வரும் பெண்கள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். போர் முடிந்ததும் அமெரிக்கா போய் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1958இல் மனநலத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், நோய் இல்லாததே மனநலம் ஆகிவிடாது என்றார். தன்னை அறிவது, தன் காலில் நிற்பது, உலகத்தை உள்ளபடி பார்ப்பது, சூழ்நிலையைச் சமாளிப்பது என்று மனநலத்துக்கு நேரான அடையாளங்களைச் சொன்னார். இன்று கம்பெனிகளில் ‘ஊழியர் நலவாழ்வு’ என்று பேசுவதற்கெல்லாம் இது ஓர் அடித்தளம். அதே ஆண்டு இங்கிலாந்து திரும்பினார். 1965இல் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலுக்கு முதல் பேராசிரியர் ஆனார். 1973இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு, 75ஆம் வயதில்தான் தம் வாழ்நாள் ஆராய்ச்சியின் சாரத்தை 1982இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். வேலைக்குப் போவது சம்பளத்துக்காக. அது எல்லோரும் அறிந்தது. சம்பளத்தோடு, நாம் கேட்காமலே வந்து சேர்கிறவை ஐந்து என்றார். முதலாவது, நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பு. இரண்டாவது, வீட்டாரைத் தாண்டி மனிதர்களோடு பழக்கம். மூன்றாவது, தனியொருவரால் ஆகாத ஒரு காரியத்தில் நமக்கும் பங்கு உண்டு என்ற உணர்வு. நான்காவது, நீங்கள் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில். ஐந்தாவது, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுந்து செய்தாக வேண்டிய காரியம். வேலை போனால் சம்பளத்தோடு இந்த ஐந்தும் சேர்ந்து போகின்றன. மோசமான வேலையும் இவற்றைத் தரும் என்றார். அதற்காக மோசமான வேலையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வேலையை மனிதத்தன்மை உள்ளதாக ஆக்க வேண்டும் என்று அதே புத்தகத்தில் வாதாடினார்.

இதற்கு மறுப்பும் உண்டு. டேவிட் ஃப்ரையர் என்ற உளவியலாளர், வேலையில்லாதவரை வாட்டுவது முக்கியமாக வறுமைதான்; நாளைக்கு என்று எதையும் திட்டமிட முடியாத நிலைதான் மனிதரை முடக்குகிறது என்றார். மரியன்தாலின் 34, 30, 25, 19 என்ற கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் அனுபவத்தில் இரண்டையும் பிரிக்க முடிந்ததில்லை. பையில் காசு இல்லாதவர் கல்யாணத்துக்குப் போகக் கூசுவார். போகாமல் இருந்தால் பழக்கம் அறுந்துபோகும்.

நம் பக்கத்திலும் மில்கள் மூடியதைப் பார்த்த தலைமுறை நாம். சென்னையில் பெரம்பூர் பின்னி மில்லும், கோவை வட்டாரத்தில் பல ஆலைகளும் நின்றுபோயின. வி.ஆர்.எஸ். பணம் வாங்கியவர்களைப் பற்றி ஊரில் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். டீக்கடை பெஞ்சே கதி என்று கிடக்கிறான், சோம்பேறி, கையில் இருந்ததைக் கரைத்துவிட்டான் என்றார்கள். முப்பது வருஷம் ஒரு நாள் தவறாமல் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்தவர் ஒரே மாதத்தில் எப்படிச் சோம்பேறியானார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மில்லில் ஜாபராக இருந்த ஒருவர், கணக்குத் தீர்த்த பிறகும் காலை ஷிஃப்ட் நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் வரை வந்துவிட்டுத் திரும்புவார். சிரித்தவர்கள் உண்டு. ஐந்தில் எது எதைத் தேடி அவர் வந்தார் என்பது யஹோடாவைப் படித்த பிறகு எனக்கு விளங்கியது. அந்த நடை தளர்வது வேலை போனதன் விளைவு. அதையே காரணமாக்கி ஆளைக் குறை சொல்வது அநியாயம். யஹோடாவின் கைக்கடிகாரம் நிரூபித்தது இதைத்தான்.

மரியன்தாலின் கதை இன்னும் தொடர்கிறது. அந்தப் பகுதி அடங்கிய கிராமட்நாய்சீடல் ஊரில் 2020 அக்டோபரில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். ஓராண்டுக்கு மேல் வேலையில்லாமல் இருந்த எல்லோருக்கும், விரும்பினால் சம்பளத்தோடு வேலை உறுதி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். வருமானத்தோடு, நாளின் ஒழுங்கும், பழக்கவழக்கமும், சமூகத்தில் ஓர் இடம் என்ற உணர்வும் மேம்பட்டதாகக் கண்டார்கள். யஹோடா பட்டியலிட்டவையே திரும்பி வந்திருந்தன. நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் வயதான பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்து, வெட்டிப் பேச்சு என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்கலாம். கூலியோடு அந்தப் பேச்சும் அவர்களுக்கு வருமானம்தான்.

ஓய்வு பெற்றவர் நிலையும் வேலையிழந்தவர் நிலையும் ஒன்றல்ல. நம்மை மாலை போட்டு அனுப்பினார்கள். பென்ஷனோ சேமிப்போ ஓரளவு இருக்கிறது. ஊர் நம்மைச் சோம்பேறி என்று சொல்வதில்லை. ஆனாலும் ஆறில் ஒன்றைத்தான் பென்ஷன் ஈடு செய்கிறது. மற்ற ஐந்தையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். கோயில் உழவாரப் பணியோ, பேரக்குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதோ, குடியிருப்போர் சங்கத்தில் குடிநீர்க் கணக்குப் பார்ப்பதோ, எதுவானாலும் சரி. நாம் போகாவிட்டால் ‘ஏன் சார் வரலை?’ என்று யாராவது கேட்கும்படியான ஒரு வேலையாக இருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். முடிந்தால் ஒரு வேலை சொல்லுங்கள், கூலியோடு.